படிகள் நீங்கலாக

1

காலை ஆறு நாற்பதுக்கு அலாரம். ஆறு முப்பத்தெட்டுக்கே அவன் அதை அணைத்துவிடுவான். பல் துலக்குவான். கெட்டிலில் ஒரு குவளைத் தண்ணீர்; முன்பு இரண்டு. ஒரு குவளை கொதிக்க இரண்டு நிமிடம் பத்து விநாடி. ரொட்டி இரண்டு துண்டு, நின்றபடியே. நீலச் சட்டை, இல்லையென்றால் இன்னொரு நீலச் சட்டை. கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பான். தெருமுனை வரை இருநூற்றுப் பத்து எட்டு. முனையில் வலது பக்கம் பேருந்து நிறுத்தம். இடது பக்கம் சுரங்க ரயிலுக்கு இறங்கும் வழி. பத்து மாதமாக இடது பக்கம் மட்டும். படிகள் தொண்ணூற்று நான்கு. எண்ணிக்கொண்டே இறங்குவான்.

கதை இப்படித் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் இது தொடங்கியது ஒரு காகிதத் துண்டில். நாலு விரல் அகலம், ஒரு சாண் நீளம், வெள்ளை அட்டை. மாமியார் கொடுத்தது. அதில் ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொன்னார். அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. அதனால்தான் இத்தனை பக்கம்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"அவளுக்குப் பேருந்து பிடிக்கும். அவனுக்குச் சுரங்க ரயில். இருந்தாலும் அவர்கள் —" (விளம்பரத்தில் வரும் 'இருந்தாலும்' இது. நிறுத்தியாயிற்று.)

"ஒரு பெருநகரில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல விரும்பும் பயணி —" (அலுவலக அறிக்கை. எழுதுகிறவனுக்குப் பிழைப்பே அதுதான்; கை பழக்கதோஷத்தில் அங்கேயே போகிறது.)

"அன்று மழை —" (அன்று மழை இல்லை.)

'நான்' என்று தொடங்கியும் பார்த்தாயிற்று. இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. 'அவன்' என்று போட்டால் ஓடுகிறது. அப்படியானால் எழுதுகிறவனும் அவனும் ஒரே ஆளா என்று கேட்காதீர்கள். இருவருக்கும் அதே இரண்டு நீலச் சட்டைகள்தான் என்பதோடு விட்டுவிடுவோம்.

அவனுக்கு நகரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை, நேரம் அளக்கும் பிரிவில். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் மாட்டிக்கொண்டு பயணிகளோடு பயணியாகப் போய், எங்கிருந்து எங்கே போக எத்தனை நிமிடம் என்று குறித்து வரவேண்டும். சந்திப்புகளில் ஒரு பெரிய பலகை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். 'பேருந்து: 52 நிமிடம். சுரங்க ரயில்: 31 நிமிடம். உங்கள் வசதிப்படி தேர்ந்தெடுங்கள்.' அந்த எண்கள் அவன் மேசையிலிருந்து போகின்றன.

முப்பத்தொன்று எப்படி வந்தது? வண்டிக் கதவு மூடும் ஒலி கேட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்து. இறங்குமிடத்தில் கதவு திறக்கும் ஒலி கேட்டதும் மறுபடி அழுத்து. தெருவிலிருந்து நடைமேடைக்கு இறங்குவதும், பிறகு மேலே ஏறுவதும் கணக்கில் கிடையாது. பேருந்துக்கு விதி வேறு. நிறுத்தத்தில் கால் கடுக்க நிற்கும் நேரமும் அதன் தலையில் ஏறும். ஏன் இப்படி என்று அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. அவன் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அப்படி. அவன் செய்ததெல்லாம் பலகையின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்ததுதான்: 'படிகள் நீங்கலாக.' மனசாட்சிக்குச் செய்த காரியம் என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவன் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள். பலகை வந்த அன்று மூக்கு உரசுமளவு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"எங்க கடைச் சுவத்துல கடைசி வரி இருக்கே, அதைவிடச் சின்னதா இருக்கு. இதைப் படிக்கிற ஆள் யாராவது இருந்தா என்கிட்ட அனுப்பு. ஆயுசுக்கும் கண்ணாடி வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடறேன்."

3

இங்கே ஒரு சிறு கட்டுரை. அவசரக்காரர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம். படிகள் அதிகமில்லை.

சுரங்க ரயிலுக்கு ஆதரவாக: அது சொன்ன நேரத்துக்கு வரும். குறுக்கே யாரும் ஓடமாட்டார்கள். சிக்னல் கிடையாது, ஊர்வலம் கிடையாது. தலைக்கு மேல் நகரம் என்ன கூத்தடித்தாலும் கீழே அதே முப்பத்தொரு நிமிடம். அவனைப் போன்றவர்களுக்கு இது பயணம் மட்டுமல்ல, நிம்மதி.

பேருந்துக்கு ஆதரவாக அவள் சொன்னது ஒன்றுதான்: ஜன்னல்.

"கீழ ஜன்னல்ல என்ன தெரியுது? இருட்டு. இருட்டுல உன் மூஞ்சி. முப்பத்தொரு நிமிஷம் உன் மூஞ்சியவே பாத்துக்கிட்டுப் போறே. வாக்கப்பட்டுட்டேன், நான் பாத்துத்தான் ஆகணும். உனக்கு என்ன தலையெழுத்து?"

தினமும் சாயங்காலம் வந்ததும் ஜன்னல் சேதி சொல்வாள். வங்கிக்கு எதிரே மாடியில் ஒரு முடிதிருத்தும் கடை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கடைக்காரர் வாடிக்கையாளர் நாற்காலியிலேயே படுத்து, தனக்குத்தானே துண்டு போர்த்திக்கொண்டு தூங்குகிறார். அதற்கு இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு பால்கனியில் மிதிவண்டி ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது; சக்கரத்தில் துணி காயப்போடுகிறார்கள். அப்புறம் மஞ்சள் கட்டடத்தில் இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு பெண்மணி. போகிற பேருந்துக்கெல்லாம் கையசைக்கிறார். அவளும் தினமும் பதிலுக்குக் கையசைக்கிறாள்.

"கதை விடறே."

"வந்து பாரேன் ஒரு நாள்."

"அம்பத்திரண்டு நிமிஷம்."

"இதான் உன் வியாதி. மருந்தே கிடையாது."

அவன் ஒரு நாளும் போகவில்லை.

பதிலாக ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். இருவர் வேலையிடமும் ஒரே சந்திப்பில். காலை ஏழு இருபத்தைந்துக்குத் தெருமுனையில் பிரிவார்கள்; அவள் வலது, அவன் இடது. சந்திப்பில் ஒரு சாவிக்கடை உண்டு. அதன் வாசலுக்கு யார் முதலில் வருகிறார்களோ அவர் ஜெயித்தவர். தோற்றவர் அன்றைய பாத்திரங்களைக் கழுவவேண்டும். வழியில் போன் செய்யக்கூடாது. சுரங்கத்தில் சிக்னல் கிடைக்காது, அவளுக்கு மட்டும் கிடைக்கும், அது நியாயமில்லை என்பது அவன் வாதம். வந்து சேருமுன் எதிராளியைக் கூப்பிட்டால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். சாவிக்கடைக்காரர்தான் நடுவர். சம்பளமில்லாத பதவி, ஆனால் கறார்.

மொத்தக் கணக்கு: அவன் நூற்றுப் பன்னிரண்டு, அவள் எழுபத்தொன்று. (கதைக்கு இந்த எண் தேவையில்லை. அவனிடம் இருக்கிறது, அதனால் இங்கேயும் இருக்கிறது.)

4

மாமியார் இந்தக் கதைக்குள் நகரும் படிக்கட்டின் மேல்முனையில் வந்து நிற்கிறார்.

அவர் சுரங்க ரயிலில் ஏறியதே இல்லை. மகள்தான் ஒரு நாள் வம்படியாக அழைத்துப்போனாள். நகரும் படிக்கட்டில் மகள் முதலில் கால் வைத்து, கீழே போய்ச் சேர்ந்து, திரும்பிப் பார்த்தால் அம்மா இன்னும் உச்சியிலேயே. ஒரு காலை நீட்டுகிறார். படி நழுவிப் போகிறது. காலை இழுத்துக்கொள்கிறார். மறுபடி நீட்டுகிறார். பின்னால் கூட்டம். யாரோ "பாட்டி, வெயிட் பண்ணா அது நிக்காது" என்றார்களாம். மகள் கீழேயிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த சாதாரணப் படிகளில், சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அன்றோடு பேச்சு நின்றது.

"பெத்த பொண்ணு. அத்தனை பேர் முன்னாடி," என்றார் மருமகனிடம், போனில்.

"உன் அத்தைக்கு நான் சிரிச்சதுதான் தெரியும். நான் அங்கயே நின்னது தெரியாது," என்றாள் அவள், போனுக்கு இந்தப் பக்கம்.

ஐந்து வாரம் ஆயிற்று. இரண்டு பேரும் அசைந்து கொடுக்கவில்லை.

இனி அந்தக் காலை. எழுதுகிறவன் இதை ஆறு முறை எழுதி, ஆறு முறையும் அழகாக வந்ததால் கிழித்துப் போட்டான். ஏழாவது முறை, பேச்சை மட்டும்.

அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"பலகையில முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கியே, அது யாருக்கு? முயலுக்கா?"

"சராசரி ஆளுக்கு."

"உன் சராசரி ஆளுக்குக் காலே கிடையாதா? படியே ஏற மாட்டானா?"

"அதான் குறிப்பு போட்டிருக்கேன்ல?"

"போட்டே, போட்டே. உன் அத்தை அன்னிக்கு மேலேர்ந்து கீழ வர எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? பதினோரு நிமிஷம். நான் வாட்ச்சுல பாத்துக்கிட்டே நின்னேன்."

"சிரிச்சுக்கிட்டேயா பாத்தே?"

அவள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்து, விரலில் சுற்றி, குப்பைக்கூடையில் போட்டாள். இருநூற்றுப் பத்து எட்டும் பேச்சில்லாமல் நடந்தார்கள். தெருமுனையில் அவள் வலது பக்கம் திரும்பினாள். மூன்று எட்டு வைத்து, நின்று, திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

[                                        ]

அந்த வாக்கியம் இங்கே வரவேண்டும். இப்போதைக்கு இடம் மட்டும் பிடித்து வைத்திருக்கிறது.

அவன் எட்டு ஏழுக்குச் சாவிக்கடை வாசலில் இருந்தான்.

"இன்னிக்கும் நீங்கதானா?" என்றார் கடைக்காரர், அரத்தால் ஒரு சாவியை ராவிக்கொண்டே. "தங்கச்சி பாவம் சார். ஒரு நாளாவது விட்டுக் கொடுங்க."

"விட்டுக் கொடுத்தா அதுக்கும் சண்டை போடுவா."

எட்டு பதினெட்டுக்கு அவள் வண்டி வந்து நின்றது. எட்டுப் பேர் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. முதல் வண்டியைத் தவறவிட்டிருப்பாள், அடுத்ததில் வருவாள் என்று நினைத்தான். வண்டி போயிற்று. அவள் அந்த வண்டியில்தான், மறுபக்க ஜன்னலில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

எட்டு முப்பத்தொன்பதுக்குப் போன் அடித்தது. அவள் பெயர். அவன் எடுக்கவில்லை. கடைக்காரரிடம் காட்டினான். இருவரும் சிரித்தார்கள்.

"ஆட்டம் முடிஞ்சுது சார். இது செல்லாது," என்றார் நடுவர்.

எட்டு நாற்பத்தொன்றுக்கு மறுபடி. எடுக்கவில்லை. எட்டு நாற்பத்தாறுக்கு மறுபடி. எடுத்து, ஹலோகூடச் சொல்லாமல், "ஒத்துக்கறியா?" என்றான்.

"சார், நான் கண்டக்டர் பேசறேன்," என்றது ஓர் ஆண் குரல். "கடைசி ஸ்டாப்பு வந்துருச்சு. இந்த போன் வச்சிருந்த அம்மா தூங்குறாங்கன்னு நினைச்சேன் சார்."*

* மூளையில் ஒரு ரத்தக்குழாய் என்றார் மருத்துவர். ஏறிய கொஞ்ச நேரத்துக்குள்ளேயே என்றார். முதல் அழைப்பை எடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றும், அவன் கேட்காமலே, சொன்னார். இதை அடிக்குறிப்பில் போடக் காரணம், அவன் அதை வைத்திருப்பதும் அங்கேதான்.

 அந்தக் காலைப் பாத்திரங்களை மூன்றாம் நாள் அவன் கழுவினான். விதிப்படி அது அவன் வேலை இல்லை.

5

மாமியார் பேருந்தில் வந்து இறங்கினார். ஆஸ்பத்திரி நடைவழியில் பச்சை பெஞ்ச். அவர் அழவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா அத்தை. அம்மாவைப் போய்ப் பாக்கணும்னு சொன்னா. கடைசியா சொன்னதே அதான்."

அவர் கையை விட்டார். பிறகுதான் அழுதார்.

கவனியுங்கள்: எழுதுகிறவனின் முதல் கதை அதுதான். ஒரே வாக்கியம். திருத்தம் இல்லை, கைவிட்ட தொடக்கம் இல்லை. கேட்டவர் அப்படியே வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு எதுவும் அத்தனை சுலபமாக வரவில்லை.

6

பத்து மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, போன்.

"மாப்ளே, படத்தைப் பெரிசு பண்ணி வந்துடுச்சு. நல்லா இருக்கு. மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசாயிட்ட மாதிரி தெரியுது, பரவாயில்ல, எங்க வீட்டு மூக்குதானே. ஃப்ரேம் கடைக்காரர் கீழ ஒரு வரி எழுதலாம்ங்கிறார்."

"எழுதலாம் அத்தை."

"அவ கடைசியா சொன்னாளே, அதையே போட்டுடலாம்னு இருக்கேன். அச்சுப் பிசகாம எழுதணுமாம், அட்டை கொடுத்து விட்டிருக்கார். நாளைக்கு வந்து உங்க கையால எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

"போன்லயே சொல்லிடறேனே."

"போன்ல சொன்னா நான் ஒண்ணு எழுதுவேன், அவர் ஒண்ணு எழுதுவார். வாங்க. பத்து மாசத்துல ரெண்டு தடவை வந்திருக்கீங்க. ரெண்டு தடவையும் செருப்பைக் கழட்டலாமா வேண்டாமான்னு நின்னீங்க."

இதுதான் சிக்கல்; வாசகர் மறந்துவிடக்கூடாது என்பதற்காக ஒரு முறை தெளிவாக: இதுவரை காற்றில் இருந்த ஒரு பொய் இனி கண்ணாடிக்குள் போகப்போகிறது. அவன் கையெழுத்தில். ஒரு தாய் தினமும் பார்க்கும் சுவரில்.

7

அத்தை வீட்டுக்கு இரண்டு வழியாகவும் போகலாம். சாவிக்கடை சந்திப்பைத் தாண்டி நான்கு பேருந்து நிறுத்தம். சுரங்க ரயிலில் இரண்டு நிலையம். (அன்று அவள் வண்டி அத்தை வீட்டு நிறுத்தத்தையும் தாண்டித்தான் கடைசி நிறுத்தத்துக்குப் போயிற்று. கதையில் வைத்தால் வேண்டுமென்றே வைத்ததுபோல இருக்கும். என்ன செய்ய, தடம் அப்படி. வரைந்தது அவன் அலுவலகம்.)

முதல் வரைவு: அவன் இடது பக்கம் திரும்பினான். தொண்ணூற்று நான்கு படி. ஜன்னலில் அவன் முகம். அடுத்த நிலையம். ஜன்னலில் அவன் முகம். அடுத்த —

ஒன்றும் நடக்கமாட்டேன் என்கிறது. ஒன்றும் நடக்காது என்பதுதானே அந்த வழியின் சிறப்பே.

இரண்டாம் வரைவு: அவன் வலது பக்கம் திரும்பினான். ஏன் திரும்பினான்? "திடீரென்று அவனுக்குள் —" (இல்லை.) "அவள் குரல் எங்கிருந்தோ —" (நிச்சயமாக இல்லை.) உண்மைக் காரணம்: இடது பக்கம் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. தண்டவாளப் பராமரிப்பு, ஞாயிறு காலை வரை சேவை இல்லை. அந்தச் சுற்றறிக்கை வாரத்தின் தொடக்கத்திலேயே அவன் மேசைக்கு வந்தது. முதலெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்பியவனும் அவன்தான். மனமாற்றம் எதையும் எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும்.

பேருந்தில் ஜன்னல் இருக்கை காலியாக இருந்தது. அவன் அதை விட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தான். இரண்டு கையிலும் பையோடு ஏறிய ஒரு பெண்மணி பக்கத்தில் வந்து நின்றார்.

"உள்ள தள்ளுங்க தம்பி. ஜன்னலுக்கு யாராவது வர்றாங்களா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? பொண்ணு பாக்க வந்த மாதிரி ஓரத்துல உக்காந்திருக்கீங்க."

தள்ளி உட்கார்ந்தான்.

வங்கிக்கு எதிரே மாடியில் முடிதிருத்தும் கடை இருந்தது. கடைக்காரர் வாடிக்கையாளர் நாற்காலியில் படுத்திருந்தார். துண்டு கழுத்துவரை. வாய் திறந்திருந்தது, அவள் அதைச் சொல்லவில்லை.

இரண்டு நிறுத்தம் கழித்து மிதிவண்டி. சக்கரத்தில் ஒரு ஜோடி காலுறை.

மஞ்சள் கட்டடம் வந்தபோது சிக்னல் விழுந்தது. வண்டி நின்றது. இரண்டாம் மாடி ஜன்னலில் அந்தப் பெண்மணி இருந்தார். கை அசைந்துகொண்டிருந்தது. அவன் நன்றாகப் பார்த்தான். அந்தக் கையில் ஒரு துணி இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வட்டம் வட்டமாக, மேலிருந்து கீழே. பேருந்தை அவர் பார்க்கவே இல்லை.

அவன் மனைவி ஒரு நாளைக்கு நாற்பது மூக்குக்கண்ணாடி துடைத்தவள். துடைப்பது எது, கையசைப்பது எது என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் தினமும் கையசைத்திருக்கிறாள். தெரிந்துதான் வீட்டுக்கு வந்து அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

அவன் கையைத் தூக்கினான். (அடித்தாயிற்று. அழகாக இருக்கிறது.)

அவன் கையைத் தூக்கவில்லை. (இதுவும் அழகாகத்தான் இருக்கிறது. அடித்தாயிற்று.)

சிக்னல் மாறியது. வண்டி கிளம்பியது. இதில் யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை.

8

"பஸ்லயா வந்தீங்க?" என்றார் மாமியார், கதவைத் திறந்ததும். "நீங்க மெட்ரோ ஆளாச்சே."

"மூடியிருக்கு அத்தை."

"அதானே பாத்தேன்."

செருப்பைக் கழற்றினான். சாப்பாட்டு மேசையில் படம் படுத்திருந்தது. மேலே மெல்லிய தாள் மூடி. கடை அடையாள அட்டைக்காக எடுத்த படம். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள். பக்கத்தில் வெள்ளை அட்டையும் கறுப்புப் பேனாவும், பரீட்சைக்கு வைத்ததுபோல. அத்தை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ ஒரு துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

அவன் எழுதத் தொடங்கினான். 'அம்' வரை வந்தாயிற்று.

"மாப்ளே, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அவ 'அம்மாவை'ன்னா சொன்னா?"

"ஆமா அத்தை."

"அந்த வார்த்தையா?"

பேனா நின்றது.

"அஞ்சு வாரமாக் கோவத்துல இருந்தவ. கோவம் வந்தா அவ என்னை அம்மான்னே சொல்ல மாட்டா. சின்ன வயசுலயே அப்படித்தான். அவங்க அப்பாகிட்டப் போய், 'உங்க பொண்டாட்டி எனக்குப் பால் தரமாட்டேங்கிறா'ம்பா. நாலு வயசு அப்போ. உங்ககிட்ட என்ன சொல்வா? 'உன் அத்தை'. சரிதானே?"

அவன் பேனாவை மூடினான்.

"எனக்கு அந்த பெஞ்சுலயே தெரியும். தெரிஞ்சுதான் வாங்கிக்கிட்டேன். அன்னிக்கு வேற எதையும் வாங்கிக்க முடியாது. நல்லவிதமாத்தான் சொன்னீங்க, அதுல ஒண்ணும் குறையில்ல. பத்து மாசம் வச்சிருந்தேன்." துணியை மடித்து மேசையில் வைத்தார். "ஆனா ஆணி அடிச்சு மாட்டணும்னா நிஜமா இருக்கணும். தினம் விடிஞ்சா பாக்கப்போறவ நான்தானே."

"பெரிசா ஒண்ணும் சொல்லல அத்தை."

"அவ என்னிக்குப் பெரிசாப் பேசினா? திட்டினாளா என்னை? திட்டியிருந்தாலும் சொல்லுங்க."

"திட்டல."

"என்னைப் பத்தியே இல்லையா?"

பத்து மாதமாக அவன் அந்த வாக்கியத்தைத் தனக்குச் சொன்னதாக மட்டுமே வைத்திருந்தான். அவனுக்கு, அவன் வேலைக்கு, அவன் பலகைக்கு. இன்னொருவருக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்பது இந்த மேசையில்தான் முதல் முறையாக —

"தெரியல அத்தை," என்றான்.

அவர் எழுந்து போய் இன்னொரு வெள்ளை அட்டை கொண்டுவந்தார். 'அம்' என்று எழுதியிருந்ததை எடுத்து, கிழிக்காமல், படத்துக்கு அடியில் செருகினார்.

"கடைக்காரர் ரெண்டு கொடுத்திருக்கார். எல்லாரும் முதல் தடவை தப்பாத்தான் எழுதுவாங்களாம். இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. கடை திங்கக்கிழமைதான் திறக்கும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்துடுங்க."

"சரி அத்தை."

"நல்லதா ஏதாவது சேத்துடாதீங்க."

9

முடிவு ஒன்று: அவன் பழைய வாக்கியத்தையே முழுசாக எழுதிக் கொடுக்கிறான். படம் சுவரில் ஏறுகிறது. பொய் என்று இருவருக்கும் தெரியும். அடியில் உட்கார்ந்து இருவரும் காபி குடிக்கிறார்கள். நடக்கக்கூடியதுதான். பல வீடுகள் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முடிவு இரண்டு: வெற்று அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறான். கண்ணாடிக்குள் நாலு விரல் அகலத்துக்கு வெள்ளை. எழுதுகிறவனுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அடித்தாயிற்று.

முடிவு மூன்று: பலகைகள் மாறுகின்றன. அத்தையை அழைத்துப்போய்ப் புதிய எண்ணைக் காட்டுகிறான். (படிகளையும் சேர்த்து அளக்கவேண்டும் என்று அவன் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்திருப்பது உண்மை. எட்டு மாதமாகப் 'பரிசீலனையில்' என்பதும் உண்மை. அலுவலகத்தை நம்பிக் கதையை முடிக்கமுடியாது.)

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. கம்பிக் கதவைக் காலையிலேயே திறந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவனுக்கு அதில் அக்கறை இல்லை. அட்டையில் எழுதியாயிற்று. ஒரே தடவையில், அடித்தல் இல்லாமல். சட்டைப் பையில் வளையாமல் இருக்க அலுவலக டைரிக்குள் வைத்திருக்கிறது.

அத்தை அதைப் படித்துவிட்டு என்ன செய்வார் என்பது இங்கே இல்லை. பதினோரு நிமிடம் பற்றி உங்களுக்குத் தெரியும். அவருக்கு இன்னும் தெரியாது. மகள் கீழே நின்று சிரித்தது அவருக்குத் தெரியும்; கடிகாரத்தைப் பார்த்தபடி கடைசிப் படிவரை காத்திருந்தது தெரியாது. அதையும் சொன்னால் 'நல்லதாக ஏதோ சேர்த்தது' ஆகுமா, சொல்லாவிட்டால் குறைத்தது ஆகுமா? இதை உங்களிடம் விட்டாயிற்று.

நான்காம் பகுதியில் ஓர் அடைப்புக்குறி காலியாக இருக்கிறது. அட்டையில் எழுதியதையே அங்கேயும் போட்டுக்கொள்ளுங்கள். தெருமுனை, ஏழு இருபத்தைந்து, மூன்று எட்டு, திரும்பிப் பார்த்து:

"இன்னிக்காவது படியையும் சேத்து எண்ணு."